விலை குறைக்கச் சொல்லாத வருடம்

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நிசான் மேக்னைட் கார் ஓட்டிப் பார்த்துட்டு வந்தேன். பிடிச்சிருக்கு. ஆனா நிசான் இந்தியாவை விட்டுக் கிளம்பப் போகுதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் பயமுறுத்தறாங்க. நீங்கதான் கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் அடிக்கிற இடத்துல இருக்கீங்களே, சொல்லுங்க. எடுக்கலாமா?"

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. மார்ச் 31-ஆம் தேதிதான் அந்த அறிவிப்பு வந்திருந்தது. ஒரகடத்தில் இருக்கும் கூட்டுத் தொழிற்சாலையில் நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொள்ளப் போகிறது என்றார்கள். நாங்கள் எங்கும் போகவில்லை, எங்கள் கார்கள் அதே ஆலையில் தொடர்ந்து தயாராகும் என்று நிசான் சொன்னது. ஆனால் 2017-இல் செவர்லே, 2021-இல் ஃபோர்டு என்று இரண்டு பெரிய கம்பெனிகள் கடையைக் கட்டியதைப் பார்த்த ஊர் இது. "போகவில்லை" என்ற பேச்சை இங்கே யாரும் சுலபத்தில் நம்புவதில்லை.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்றேன். அன்று அவனிடம் சொன்னதையும், அப்போது சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் அனுபவம் நிசானைப் பற்றியது இல்லை. இந்த நாட்டை விட்டுப் போன வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியைப் பற்றியது. அதன் பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனிக்கு நான் பார்ட்ஸும் செய்தேன், அதன் காரையும் வாங்கினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததால்தான் எழுதத் தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பது சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் சின்ன பிரஸ் ஷாப்பில். ஸ்டீல் காயிலை, அதாவது தகட்டுச் சுருளை வெட்டி, டை என்கிற இரும்பு அச்சில் அடித்து, பார்ட்ஸைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் செய்வோம். அதைப் பெரிய வெண்டர் ஒருவருக்கு அனுப்புவோம். அவர்கள் வெல்டு செய்து, பெயின்ட் அடித்து, கார் கம்பெனிக்கு அனுப்புவார்கள். என் வேலை பிளானிங். மாதாமாதம் 25-ஆம் தேதி வாக்கில் ஷெட்யூல் வரும். அடுத்த மாதத்துக்கு எத்தனை பீஸ் என்பது உறுதியாக இருக்கும். அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்கு உத்தேசக் கணக்கு இருக்கும். அதை வைத்துத்தான் காயில் வாங்குவது, ஷிப்ட் போடுவது, ஆள் எடுப்பது எல்லாம்.

அந்தக் கம்பெனியின் ஒரு மாடலுக்குப் பின்பக்கம் இடது, வலது என்று இரண்டு பிராக்கெட் எங்களுடையது. நன்றாக ஓடிய காலத்தில் மாதம் 5,000 பீஸ் போகும். அப்புறம் 3,200 ஆனது. ஒரு வருடத்துக்குள் 1,800. இதைப் பார்த்து நான் பயப்படவில்லை. எந்த மாடலும் வயதானால் விற்பனை இறங்கும். புது மாடல் வந்ததும் ஏறும். விற்பனை குறைந்த எல்லாக் கம்பெனியும் போய்விடுவதில்லை. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கார் மட்டும் விற்றுக்கொண்டு வருடக்கணக்கில் இங்கே இருக்கிறவர்களும் உண்டு. அதனால் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்து ஜோசியம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்கு முதலில் உறுத்தியது வேறு ஒன்று. வருடா வருடம் விலைக் குறைப்புக் கூட்டம் நடக்கும். பர்ச்சேஸ்காரர்கள் வந்து உட்கார்ந்து, போன வருடத்தைவிட இரண்டு சதவீதமாவது குறை, மூன்று சதவீதமாவது குறை என்று பிடிவாதம் பிடிப்பார்கள். ஸ்கிராப்பில் எவ்வளவு மிச்சம், ஒரு ஸ்ட்ரோக்கில் ஏன் இரண்டு பீஸ் எடுக்கக் கூடாது, பேக்கிங்கில் என்ன குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாக நோண்டுவார்கள். அந்தக் கூட்டம் முடிந்து வரும்போது எங்கள் முதலாளிக்கு முகமே கறுத்திருக்கும். அந்த வருடம் அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. நாங்களாகவே கேட்டபோது, "இருக்கிற ரேட்டே ஓடட்டும் சார், அப்புறம் பேசலாம்" என்றார்கள். எங்கள் ஆபீஸில் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. பத்து வருடம் இங்கே கார் செய்யப் போகிறவன் ஒரு பைசாவுக்கும் சண்டை போடுவான். சண்டை போடாதவனுக்கு இந்தக் கணக்கு இனி முக்கியமில்லை.

அடுத்தது டை. லட்சக்கணக்கில் அடித்த டை தேயும். பஞ்ச் முனை மழுங்கினால் பீஸின் ஓரத்தில் பிசிறு வரும். கையை வைத்தால் கிழிக்கும். முன்பெல்லாம் பிசிறு படத்தை அனுப்பினால் ஒரு மாதத்துக்குள், தேய்ந்த துண்டுக்குப் பதிலாக டையில் பொருத்தும் புது இன்சர்ட்டுக்கு அனுமதி வந்துவிடும். இந்த முறை மூன்று மாதம் பதிலே இல்லை. கடைசியில், "சாணை பிடித்து ஓட்டுங்கள்" என்று ஒரு வரி வந்தது. அதே சமயத்தில், அடுத்த மாடலுக்கு என்று எங்களிடம் வாங்கிய கொட்டேஷன் நிலுவைக்குப் போனது. டிராயிங் வந்தது, விலை கொடுத்தோம், இரண்டு முறை பேசினார்கள், அதோடு நின்றது. வாராவாரம் ஷாப்புக்கு வரும் அவர்களுடைய குவாலிட்டி பையன் வேலையை விட்டுப் போனான். அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை.

அறிவிப்பு வந்தது இதற்கெல்லாம் ஒன்றரை வருடம் கழித்து. டிவியில் அது திடீர்ச் செய்தி. எங்கள் டை மட்டும் அதை முன்னாலேயே சொல்லியிருந்தது.

இதைத்தான் நான் அக்கா மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு கம்பெனி போகுமா இருக்குமா என்று தெரிய வேண்டுமானால், அது பேசுவதைக் கேட்காதே. அடுத்த காருக்கு இரும்பில் காசு போட்டிருக்கிறதா என்று பார். ஒரு காரின் உடம்புக்கு வேண்டிய டைகளைச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், கோடிக்கணக்கில் செலவாகும். போகப் போகிறவன் அந்தக் காசைப் போட மாட்டான். மேடையில் சொல்வதற்குச் செலவே இல்லை.

செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கதை இதற்குச் சரியான சாட்சி. 2015 ஜூலையில், இந்தியாவில் நூறு கோடி டாலர் முதலீடு செய்யப்போகிறோம், ஐந்து வருடத்தில் பத்து மாடல் வரும் என்று அறிவித்தார்கள். 2016 ஆட்டோ எக்ஸ்போவில் எசென்ஷியா என்ற செடானைக் காட்டினார்கள். அதே வருடம் முதலீட்டை நிறுத்திவைத்தார்கள். 2017 மே 18 அன்று, வருடக் கடைசியோடு இந்தியாவில் விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எசென்ஷியா விற்பனைக்கு வரவேயில்லை. மகாராஷ்டிரத்தின் தலேகாவ் ஆலையில் ஏற்றுமதிக்கு மட்டும் 2020 டிசம்பர் வரை கார் செய்தார்கள். பிறகு அந்த ஆலை ஹூண்டாய் கைக்குப் போனது. குஜராத்தின் ஹாலோல் ஆலையில் இப்போது எம்.ஜி. கார்கள் தயாராகின்றன.

ஃபோர்டு விஷயத்திலும் கவனித்தால் தெரிந்திருக்கும். 2013-இல் வந்த எக்கோஸ்போர்ட் எங்கள் பகுதிக்கே பெருமை. மறைமலை நகரில் செய்து அமெரிக்கா வரை அனுப்பினார்கள். 2018-இல் ஃப்ரீஸ்டைல் வந்தது, அதுவும் அவர்களுடைய ஃபிகோ காரிலிருந்து வளர்த்ததுதான். அதற்குப் பிறகு இங்கே தயாரான புதிய கார் என்று ஒன்றும் இல்லை. மகிந்திராவோடு சேர்ந்து புது மாடல்கள் செய்யலாம் என்று 2019 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 கடைசி நாளில் அது முறிந்தது. ஒன்பது மாதத்தில், 2021 செப்டம்பர் 9 அன்று, இங்கே கார் செய்வதை நிறுத்துகிறோம் என்றார்கள். பத்து வருடத்தில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். பலர் செப்டம்பரில்தான் அதிர்ந்தார்கள். எங்களைப் போன்ற வெண்டர்களுக்கு வயிறு கலங்கியது ஜனவரியிலேயே.

ஏற்றுமதி செய்கிற கம்பெனி போகாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது தவறு. ஃபோர்டு நிறையவே ஏற்றுமதி செய்தது. ஆலை பெரிசாக, புதுசாக இருந்தால் போகாது என்பதும் தவறு. குஜராத்தின் சாணந்தில் ஃபோர்டு நூறு கோடி டாலர் போட்டுக் கட்டிய ஆலையை 2015-இல்தான் திறந்தார்கள். 2023 ஜனவரியில் அது ரூ.725.7 கோடிக்கு டாடாவின் கைக்கு மாறிவிட்டது. போட்ட காசு பெரிசு என்பதற்காக யாரும் நஷ்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்த காசைப் போடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி எப்போது எழும் என்றுகூடக் கொஞ்சம் சொல்லலாம். சட்டம் மாறும்போது எழும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்தது. ஒவ்வொரு என்ஜினையும் செலவு செய்து மாற்றினால்தான் விற்க முடியும். அந்தச் செலவு தேறுமா என்று அன்று எல்லாக் கம்பெனிகளும் கணக்குப் போட்டன. ஃபியட்டின் புன்டோவும் லீனியாவும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. நிசான்கூட மைக்ரா, சன்னி இரண்டையும் அப்போது விட்டுவிட்டது. நம் ஊர் வரிக் கணக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சங்கடம்தான். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. உலகம் முழுக்க விற்கும் அவர்களுடைய கார் பெரும்பாலும் அந்த அளவுக்குள் வராது. நமக்கென்று தனியாக ஒரு கார் செய்ய வேண்டும். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் அந்தச் செலவு லட்சக்கணக்கான கார்களில் பங்கிட்டுப் போகும். சந்தையில் இரண்டு சதவீதம் வைத்திருக்கிறவனுக்கு எப்படிக் கட்டும்?

சரி, அறிவிப்பு வந்த அன்று எங்கள் ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். என்னைப் போல வெண்டர் பக்கம் இருப்பவர்களுக்கு இது உதவும்.

செய்தி வந்தது மதியம். சாயங்காலம் வெண்டர் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு வரி மெயில்: அடுத்த தகவல் வரும் வரை சரக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் முதலாளி கலங்கி உட்கார்ந்துவிட்டார். நான் அன்று இரவே இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எண்ணினேன். பெட்டிகளில் அடுக்கியிருந்த முடிந்த பீஸ், பாதி அடித்த தகடுகள், பிரிக்காத காயில் இரண்டு, பிரித்த காயிலில் மீதம். சாக்பீஸால் தரையில் எண்ணைப் போட்டு, தேதி தெரியும்படி அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். முடிக்கும்போது மணி ஒன்றரை. மறுநாள் காலையிலேயே அந்தப் பட்டியலை மெயிலில் அனுப்பி, "உங்கள் ஷெட்யூலை நம்பி வாங்கியது" என்று எழுதி, மூன்று மாத ஷெட்யூலையும் இணைத்தேன்.

இது ஏன் முக்கியம் என்றால், போகிற கார் கம்பெனி வெண்டர்களின் நஷ்டத்துக்கு ஒரு கணக்கு முடிப்பு வைக்கும். எங்களுக்கும் வைத்தது. ஆனால் ஆதாரம் இருக்கிறவனுக்குத்தான் பணம். உத்தேசக் கணக்கை நம்பி வாங்கிய காயிலுக்கு முதலில் முடியாது என்றார்கள். ஷெட்யூல் தாளிலேயே, "மூலப்பொருள் இந்த அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்ததைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். வருடக்கணக்கில் நான் படிக்காமல் கோப்பில் சொருகிய வரி அது.

பெரிய அடி டையில்தான் விழுந்தது. டை செட் 18 லட்சம் ரூபாய். பாதியை முன்பணமாகக் கொடுத்தார்கள். மீதி ஒன்பது லட்சத்தை மூன்று லட்சம் பீஸில் பரப்பி, பீஸுக்கு மூன்று ரூபாய் சேர்த்து வசூலித்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் செய்கிற ஏற்பாடுதான். நாங்கள் கடைசி வரை அனுப்பியது 1,62,000 பீஸ். மீதி 1,38,000 பீஸுக்கு மூன்று ரூபாய் வீதம் 4,14,000 ரூபாய் எங்கள் தலையில் நின்றது. பாதியில் நிறுத்தினால் மீதியைத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. முன்பு ஒரு கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் ஆள் அனுப்பிய மெயிலில் "டூல் பாக்கி எங்கள் பொறுப்பு" என்று இருந்தது. டூல் என்றால் டைதான். அதைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். ஏழு மாதம் கழித்து மூன்று லட்சம் வந்தது.

இப்போது எந்தப் புது டைக்கும் மூன்று விஷயம் எழுத்தில் வாங்காமல் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை. வருடத்துக்குக் குறைந்தது எத்தனை பீஸ் என்பது ஒன்று. அது வராவிட்டால் டை பாக்கியை எத்தனை நாளில் தருவார்கள் என்பது இன்னொன்று. மாடல் நின்ற பிறகு டையை யார் செலவில், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. கடைசியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு டன் டை ரேக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அது நம்முடையதும் இல்லை, விற்கவும் முடியாது.

பில் பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. சிறு தொழிலுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். நிறையப் பேர் வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று கொடுப்பதில்லை. போகிற வாடிக்கையாளரிடம் அந்தத் தயக்கம் எதற்கு? சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு யூனியன் இருக்கிறது, பேச்சுவார்த்தை இருக்கிறது. ஃபோர்டு தொழிலாளிகள் 2022 மே, ஜூனில் நல்ல இழப்பீடு கேட்டுப் போராடியது ஊருக்கே தெரியும். எங்கள் மாதிரி ஷாப்பில் நின்றவர்களுக்கு எதுவும் இல்லை. அந்த லைனில் எங்களிடம் ஒன்பது கான்ட்ராக்ட் பையன்கள் இருந்தார்கள். ஐந்து பேரை வேறு பிரஸ்ஸுக்கு மாற்ற முடிந்தது. நான்கு பேரைத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் போகச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னது நான்தான். டை செட்டிங் தெரிந்த ஒருவனுக்கு ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. பீஸ் எடுத்து அடுக்க மட்டும் தெரிந்த மூன்று பேரும் மாதக்கணக்கில் அலைந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் பையனையும் ஒரே வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. செட்டிங், அளவு பார்ப்பது, ஃபோர்க்லிஃப்ட் என்று ஏதாவது இரண்டு கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இனி கார்காரன் கதை. நான் அடித்த பிராக்கெட் இருக்கிற காரையே நான் வாங்கியிருந்தேன். வாங்கிய மூன்றாம் வருடம் கம்பெனி போனது. சர்வீஸ், பார்ட்ஸ், வாரன்டி எல்லாம் தொடரும் என்றார்கள். எந்தக் கம்பெனி போனாலும் இதைச் சொல்லித்தான் போகும். பொய் என்று சொல்ல மாட்டேன். பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச், பேரிங் எல்லாம் இன்றுவரை தாராளமாகக் கிடைக்கிறது. அதைச் செய்கிற கம்பெனிகள் வேறு. அவர்கள் எங்கும் போகவில்லை. ஃபியட் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், 1.3 டீசல் என்ஜினுக்கு அவர்கள் திண்டாடவே இல்லை. ஸ்விஃப்ட் டீசலிலும் அதே என்ஜின்தானே இருந்தது.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற உடம்பு: பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, கதவு. இன்னொன்று, டீலரின் மென்பொருள் இல்லாமல் வேலை செய்யாத எலக்ட்ரானிக்ஸ்: சாவி, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ். பெட்டி, என்ஜின் கன்ட்ரோலர்.

எனக்கு சிக்னலில் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. சின்ன இடிதான். பம்பரும் ஒரு பக்க விளக்கும் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் எனக்குப் புரிந்தது, ஏன் தாமதம் என்பது. என் வேலையும் அதுதானே. மாடல் ஓடும்போது டை எப்போதும் பிரஸ்ஸிலேயே இருக்கும். மாடல் நின்ற பிறகு ஆர்டர் சேரும் வரை காத்திருந்து, வருடத்தில் ஒரு நாள் டையை ஏற்றி, 400 பீஸ் அடித்து, இறக்கிவிடுவார்கள். அந்த 400 தீர்ந்து அடுத்த 400 வரும் இடைவெளியில் இடி வாங்கியவன் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதில் இன்ஷூரன்ஸை மறந்துவிடக் கூடாது. காரின் காப்பீட்டு மதிப்பு வருடா வருடம் இறங்கும். மூன்று முதல் நான்கு வருடக் காருக்கு 40 சதவீதம், ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டிய காருக்கும், தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும் மதிப்பு என்ன என்பதை நாமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் விதி. பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். பார்ட்ஸ் விலை ஏறிக்கொண்டே போக, மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டால், ஓடக்கூடிய காரைக்கூட ஒரு நடுத்தர விபத்தில் இழப்போம். பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைக்காதீர்கள். நான் மூன்று கம்பெனியில் கேட்டேன். மூன்றும் மூன்று மதிப்பு சொன்னது.

அறிவிப்பு வந்த வாரத்திலேயே என் நண்பர்கள் இரண்டு பேர் காரைத் தள்ளிவிட்டார்கள். அந்த வாரத்து விலைதான் மிக மோசம். பதற்றம் அடங்கி ஆறு மாதம் கழித்து விற்றிருந்தால் கொஞ்சமாவது கூடக் கிடைத்திருக்கும். நான் விற்கவில்லை. முதல் வேலையாக, தொலைந்துபோயிருந்த இரண்டாவது சாவியைச் செய்து, அதன் குறியீட்டைக் காரில் பதிய வைத்து வாங்கினேன். டீலர் மூடிய பிறகு அதைச் செய்ய முடியாது. டீலர் ஸ்டாக்கைக் கழிக்கும்போது ஒரு ஜோடி ஹெட்லைட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியும் வாங்கிப் பரணில் வைத்தேன். ரப்பர் சாமான்களை வாங்கிச் சேர்க்காதீர்கள், வைத்த இடத்திலேயே இறுகிப்போகும். கார் வேலை பார்த்த மெக்கானிக் எந்த ஷெட்டுக்குப் போகிறார் என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டேன். இன்றுவரை என் காரை ஓட வைப்பது அவர்தான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா மகன், "அப்போ நிசான்?" என்றான்.

உண்மையில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். தாய்க் கம்பெனிக்குக் கஷ்டம் நிஜம். நாங்கள் பேசிய அடுத்த மாதமே, உலகம் முழுக்க 20,000 பேரைக் குறைக்கிறோம், 17 ஆலைகளைப் பத்தாக்குகிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள். இங்கே மேக்னைட் வந்தது 2020 டிசம்பரில். அதற்குப் பின் நான்கு வருடத்துக்கு மேல் இங்கே தயாரான புது மாடல் ஒன்றும் வரவில்லை. அது எனக்குப் பிடிக்காத அடையாளம். இன்னொரு பக்கம், ஆலை மூடப்படவில்லை. ரெனோ கையில் அது தொடர்ந்து ஓடும், மேக்னைட் பல நாடுகளுக்குப் போகிறது. புதிதாக இரண்டு மாடல் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதை நம்பாதே, வண்டி ரோட்டில் சோதனை ஓட்டம் ஓடுகிறதா என்று பார். அவசரம் இல்லையென்றால் ஆறு மாதம் பொறு. அவசரம் என்றால், ஷோரூமில் விற்கிறவனிடம் பேசாமல் பின்னால் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போய், முன் கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் மூன்றும் எத்தனை நாளில் வரும் என்று கேள். நீட்டித்த வாரன்டி எடுத்தால் அதன் பின்னால் நிற்பது கார் கம்பெனியா, இன்ஷூரன்ஸ் கம்பெனியா என்று தாளில் பார். உன் ஊரில் அந்த டீலருக்கு வேறு பிராண்டும் இருக்கிறதா என்று விசாரி. ஒரே பிராண்டை நம்பி இருக்கிற டீலர்தான் முதலில் ஷட்டரை இறக்குவார். பத்து வருடம் ஓட்டப் போகிறாயா, நான்கு வருடத்தில் மாற்றப் போகிறாயா என்று அம்மாவிடமும் பேசி முடிவு செய். பத்து வருடம் ஓட்டுகிறவனுக்கு மறுவிற்பனை விலை பெரிய கவலையே இல்லை, பார்ட்ஸ்தான் கவலை. நான்கு வருடத்தில் மாற்றுகிறவனுக்கு அப்படியே தலைகீழ்.

அவன் பொறுத்தான். அந்த வருடம் அக்டோபரில் டெக்டான் என்ற புதுக் காரின் பெயரையும் உருவத்தையும் நிசான் வெளியிட்டபோது எனக்கு அனுப்பி, "இரும்பில் காசு போட்டுட்டாங்க போல மாமா" என்று எழுதியிருந்தான். ரெனோவின் புது டஸ்டரோடு அடிப்படை ஒன்றுதான். ஆனாலும் வெளி உடம்புக்குத் தனி டை வேண்டும். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பக்கத்து ஷாப்புகளுக்கு அந்த வேலை வர வேண்டும்.

அதே மாதக் கடைசியில் ஃபோர்டும் தமிழக அரசும் மறைமலை நகர் ஆலைக்கு ஒப்பந்தம் போட்டன. ரூ.3,250 கோடி முதலீடு, வருடத்துக்கு 2,35,000 என்ஜின், 2029-இல் உற்பத்தி என்றார்கள். தெரிந்தவர்கள் ஆளாளுக்கு எனக்கு அனுப்பினார்கள், ஃபோர்டு கார் திரும்ப வருகிறது என்று. கார் இல்லை, ஏற்றுமதிக்கான என்ஜின். எக்கோஸ்போர்ட் வைத்திருக்கிறவருக்கு அதனால் ஒரு பம்பர்கூட வராது. ஆனால் மூடிக் கிடந்த கேட் திறக்கும், நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கும். அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

என் பழைய டைக்கு வருடம் ஒரு முறை சர்வீஸ் பார்ட்ஸ் ஆர்டர் இன்னும் வருகிறது. முதல் வருடம் 400, அப்புறம் 250. இந்த வருடம் 150. போன வாரம்தான் ரேக்கிலிருந்து இறக்கி, துருவைத் தேய்த்து எடுத்து, பிரஸ்ஸில் ஏற்றினோம். செட்டிங் செய்ய மூன்று மணி நேரம் ஆனது, அடித்து முடிக்க இருபது நிமிடம். முதல் பீஸை அளந்து பார்த்தேன். ஓரத்தில் அதே பிசிறு. கையாலேயே ராவி, 150-யும் சுத்தம் செய்து, பெட்டியில் அடுக்கி அனுப்பினோம். டையைத் துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி ரேக்கில் ஏற்றச் சொன்னேன்.